கேட்காமலே சொல்லுங்கள்: வீட்டிலிருந்து முதல் ஆளாகக் கல்லூரிக்கு வரும் மாணவருக்குத் துறை செய்ய வேண்டியவை

பெற்றோர் இருவரில் ஒருவரும் பட்டப்படிப்பு முடிக்காத வீட்டிலிருந்து வருபவரை முதல் தலைமுறை மாணவர் என்கிறோம். பாடம் புரியாமல்தான் இவர்கள் சறுக்குகிறார்கள் என்று முடிவு கட்டி, சாயங்காலம் தனி வகுப்பு போடுவது துறைகளின் வழக்கம். சறுக்கல் பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு பாடத்தை எந்தத் தேதிவரை கைவிடலாம், கைவிட்டால் ஸ்காலர்ஷிப் நிற்குமா, பேராசிரியர் அறைக் கதவைத் தட்டலாமா, தட்டினால் என்ன கேட்பது என்பதெல்லாம் படித்தவர்கள் வீட்டில் பேச்சோடு பேச்சாகக் காதில் விழுந்துவிடும். இவர்களுக்கு அப்படி விழ வழியில்லை. தனக்கு ஒன்று தெரியவில்லை என்பதே தெரியாதபோது அதை எப்படிக் கேட்பார்கள்? அதனால் மாணவர் வந்து கேட்கட்டும் என்று காத்திருக்கும் எந்த ஏற்பாடும் இவர்களிடம் எடுபடாது.

யார் என்று தெரிந்துகொள்வது

சேர்க்கைப் படிவத்தில் "நீங்கள் முதல் தலைமுறை மாணவரா?" என்று கேட்டால் தப்பாக நிரப்புவார்கள். அக்கா கல்லூரிக்குப் போனதால் தான் அந்தக் கணக்கில் வரமாட்டோம் என்று ஒருவர் நினைப்பார். அப்பா ஒரு வருடம் படித்துவிட்டு நின்றவர் என்றால் இன்னொருவருக்குக் குழப்பம். "உங்களை வளர்த்தவர்கள் ஒவ்வொருவரும் கடைசியாக முடித்த படிப்பு எது?" என்று கேட்டு, கீழே தேர்வுகளைக் கொடுத்துவிடுங்கள். கணக்கிடும் வேலை அலுவலகத்துடையது. அந்தப் பட்டியல் டியூட்டருக்கும் (வகுப்புப் பொறுப்பாசிரியர்) ஆலோசகருக்கும் மட்டும் தெரிந்தால் போதும். வகுப்பில் கை தூக்கச் சொல்வது, அறிவிப்புப் பலகையில் பெயர் ஒட்டுவது, தனி செக்‌ஷன் போடுவது மூன்றும் வேண்டாம். உதவி என்று நீங்கள் தருவதை முத்திரை என்று எடுத்துக்கொண்டால் அவர் அந்தப் பக்கமே வரமாட்டார்.

முதல் ஆறு வாரம்

அறிமுக நாள் என்ற பெயரில் ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்டினால் எதுவும் தங்காது. அன்றைக்கு அந்த மாணவரின் கவலை பீஸ், தங்குமிடம், பேருந்து. கிரெடிட் (ஒவ்வொரு பாடத்துக்கும் உள்ள மதிப்பு அலகு) கணக்கைச் சொன்னால் தலையாட்டுவார், அவ்வளவுதான். மூன்று தவணையாகப் பிரியுங்கள். முதல் வாரத்தில் இடமும் ஆளும் பணமும்: எந்த வேலைக்கு எந்த அறை, யாரைப் பார்ப்பது, எந்தத் தேதிக்கு எவ்வளவு கட்டுவது. மூன்றாவது வாரத்தில் பாடத்திட்டத் தாளை வகுப்பிலேயே கையில் வைத்துக்கொண்டு படிப்பது: இன்டர்னல் மார்க் எப்படிச் சேர்கிறது, வருகைப் பதிவு எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் பரீட்சை எழுத முடியாது, பாடத்தைக் கைவிடக் கடைசி நாள் எது. ஆறாவது வாரத்தில், முதல் டெஸ்ட் மார்க் கைக்கு வந்தபிறகு, அடுத்து என்ன செய்வது. ஒவ்வொன்றுக்கும் 45 நிமிடம் போதும். கேள்வி பிறக்கிற நேரத்தில் பதில் கிடைப்பதுதான் இதில் முக்கியம்.

இந்த ஆறு வாரத்துக்குள் சீனியர்களை வைத்து ஒரு மணி நேரக் கூட்டம் ஒன்றும் நடத்துங்கள். 2014-இல் நிக்கோல் ஸ்டீஃபன்ஸ், மரியம் ஹமெதானி, மெஸ்மின் டெஸ்டின் ஆகிய உளவியல் ஆய்வாளர்கள் ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். இரண்டு குழுப் புதியவர்களும் ஏறக்குறைய ஒரே அறிவுரையைத்தான் கேட்டார்கள். ஒரு குழுவில் மட்டும் சீனியர்கள் தங்கள் குடும்பப் பின்னணியோடு சேர்த்துச் சொன்னார்கள்: "எங்கள் வீட்டில் யாரும் கல்லூரிக்குப் போனதில்லை, எந்தப் பாடம் எடுப்பது என்று சொல்ல ஆளில்லை, அதனால் ஆலோசகரைப் பலமுறை போய்ப் பார்த்தேன்" என்கிற மாதிரி. அந்தக் குழுவிலிருந்த முதல் தலைமுறை மாணவர்கள் பேராசிரியர்களையும் ஆலோசகர்களையும் கூடுதலாகத் தேடிப் போனார்கள். முதலாண்டு முடிவில் அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான மதிப்பெண் இடைவெளி 63 சதவீதம் குறைந்திருந்தது. ஓர் ஆய்வில் வந்த எண் அது. உங்கள் கல்லூரியில் அப்படியே வந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். செலவில்லாத வேலை என்பதால் செய்து பார்க்கலாம்.

நடத்தும் முறை இது. ஆறேழு சீனியர்களைத் தேர்ந்தெடுங்கள். அதில் மூன்று பேராவது முதல் தலைமுறை, மற்றவர்கள் படித்த வீட்டிலிருந்து வந்தவர்கள். எல்லோரும் முதல் தலைமுறையாக இருந்தால் "கஷ்டப்படுகிறவர்கள் கூட்டம்" என்று ஆகிவிடும், வித்தியாசமும் தெரியாது. மூன்று கேள்விகளை ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு பதிலிலும் தன் பின்னணி, அதனால் வந்த இடைஞ்சல், அதற்குச் செய்த காரியம் மூன்றும் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னது விட்டுப்போனால் அது வெறும் சோகக் கதை. கோல்டு மெடல் வாங்கியவர்களை மட்டும் மேடையேற்றுவது இன்னொரு தப்பு. ஓர் அரியர் வைத்து, எழுதி, தேறியவரின் பேச்சுக்குத்தான் பின்வரிசை நிமிர்ந்து உட்காரும்.

"எப்ப வேணும்னாலும் வாங்க" என்பது அழைப்பே இல்லை

டியூட்டர்கள் மனதாரச் சொல்வதுதான் இது. ஆனால் அந்த மாணவர் இதை மரியாதைப் பேச்சாக எடுத்துக்கொள்வார், அல்லது பெரிய பிரச்சினை உள்ளவர்களுக்கு என்று நினைப்பார். கதவில் ஒட்டியிருக்கும் சந்திப்பு நேரத்தைப் பார்த்துவிட்டு, "சார் அப்போது வேலையாக இருப்பார், தொந்தரவு செய்யக் கூடாது" என்று திரும்பிப் போகிறவர்களும் உண்டு. அந்தத் தாளில் "மாணவர்களுக்கான நேரம்: இதற்கென்று வேறு காரணம் தேவையில்லை" என்று எழுதுங்கள். அதோடு விடாமல், முதல் மூன்று வாரத்துக்குள் ஒவ்வொருவருக்கும் 15 நிமிடம் நாள், மணி குறித்துக் கூப்பிடுங்கள். எல்லோரையும் கூப்பிட்டால் யாருக்கும் கூச்சம் இருக்காது.

"ஏதாவது பிரச்சினை இருக்கா?" என்றால் "இல்ல சார்" என்ற பதிலோடு சந்திப்பு முடிந்துவிடும். பதிலாக இப்படித் தொடங்கலாம்:

"போன வாரம் எந்த கிளாஸ் ரொம்ப வேகமா போச்சும்மா?"
"மேத்ஸ் சார். பரவால்ல, வீட்ல போய்ப் பாத்துக்குறேன்."
"வீட்டுக்குப் போக எத்தனை மணி ஆகுது?"
"ஏழு ஏழரை ஆகும் சார். கடையில வேலை முடிச்சிட்டுப் போவேன்."
"வாரத்துல எத்தனை நாள் கடை?"
"ஆறு நாள் சார்."

இப்போது உங்கள் கையில் உண்மையான தகவல் இருக்கிறது. இது கணக்குப் பாடப் பிரச்சினை இல்லை, நேரப் பிரச்சினை. கல்லூரிக்குள்ளேயே நூலகத்திலோ ஆய்வகத்திலோ சம்பளத்தோடு வேலை இருக்கிறதா, கடை நாட்களைக் குறைத்தால் வீட்டில் எந்தச் செலவு இடிக்கும், அதற்கு நிதி உண்டா என்று பேச்சு நகரும். மற்ற மூன்று கேள்விகள்: கிளாஸ் முடிந்து எங்கே உட்கார்ந்து படிக்கிறாய், இந்த மாதம் வாங்க முடியாமல் தள்ளிப்போட்ட பொருள் எது, சந்தேகம் வந்தால் யாரிடம் முதலில் கேட்பாய். கடைசிக் கேள்விக்கு ஒரு பெயர்கூட வரவில்லை என்றால் அந்த மாணவரை மறுவாரமே திரும்பப் பாருங்கள்.

ஓர் ஆலோசகருக்கு எத்தனை மாணவர் என்ற கணக்கு இங்கே முக்கியம். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007-இல் தன் இரண்டாண்டுக் கல்லூரிகளில் தொடங்கிய 'அசாப்' திட்டத்தில், ஆரம்பத்தில் ஓர் ஆலோசகருக்கு 60 முதல் 80 பேர்தான். உதவித்தொகை போக மிச்சமிருக்கும் பீஸைத் தள்ளுபடி செய்வது, பாடப்புத்தக உதவி, மாதாந்திரப் பயண அட்டை ஆகியவையும் சேர்ந்திருந்தன. குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்தபோது, மூன்றாண்டில் படிப்பை முடித்தவர்கள் திட்டத்தில் இருந்தவர்களில் 40 சதவீதம், இல்லாதவர்களில் 22 சதவீதம். குறைந்த வருமானக் குடும்பத்து மாணவர்களுக்கான திட்டம் அது, முதல் தலைமுறைக்கு மட்டுமானது இல்லை. அதில் கவனிக்க வேண்டியது பயண அட்டைதான். ஆலோசகரைச் சந்திப்பதோடு அதை முடிச்சுப் போட்டிருந்தார்கள். வந்தே ஆகவேண்டிய காரணம் கையில் இருந்ததால் சந்திப்பு நின்றுபோகவில்லை. ஆலோசனையை மட்டும் பிரித்தெடுத்து, ஒரு டியூட்டர் தலையில் 300 பேரைக் கட்டிவிட்டு அதே பலனை எதிர்பார்க்கிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள்.

வகுப்பறையில் மாற்ற வேண்டியது

ஆசிரியர் கையில் உள்ள மிக மலிவான கருவி அசைன்மென்ட் தாள். "ஆற்றில் கலக்கும் தொழிற்சாலைக் கழிவு பற்றி விமர்சன நோக்கில் ஆராய்க. 10 பக்கம்." இப்படிக் கொடுத்தால், "விமர்சன நோக்கு" என்றால் என்னவென்று முன்பே பழகியவர் நேராக வேலையைத் தொடங்குவார். மற்றவர் இணையத்தில் கிடைத்ததையெல்லாம் சேர்த்துப் பத்துப் பக்கம் நிரப்புவார், பாதி மார்க் வாங்குவார், எதற்குக் குறைந்தது என்று தெரியாமலே அடுத்த தாளுக்குப் போவார். அமெரிக்கக் கல்வியாளர் மேரி-ஆன் விங்கிள்மெஸ் பரப்பிய முறையில் தாளில் மூன்று பகுதி இருக்கும்: எதற்காக, என்ன செய்ய வேண்டும், எதை வைத்து மார்க். மேலே உள்ள அதே தாள் இப்படி மாறும்:

எதற்காக: ஒரே விஷயத்தில் முரண்படும் இரண்டு தரவுகளை எடை போடப் பழகுவது. மூன்றாம் ஆண்டு ப்ராஜெக்டுக்கு இது தேவைப்படும்.
என்ன செய்ய வேண்டும்: இணைத்துள்ள இரண்டு அறிக்கைகளையும் படியுங்கள். இரண்டும் வேறுபடும் மூன்று இடங்களைக் குறியுங்கள். எது நம்பத்தக்கது, ஏன் என்று எழுதுங்கள். 4 பக்கம் போதும். நடுவில் ஒரு பக்க வரைவை இரண்டாவது வாரம் காட்டுங்கள்.
மார்க்: வேறுபாட்டைக் கண்டுபிடித்ததற்கு 6, காரணம் சொன்னதற்கு 10, மேற்கோள் காட்டிய ஒழுங்குக்கு 4. போன வருட மாதிரித் தாள் இரண்டு, நல்லது ஒன்றும் சுமாரானது ஒன்றும், இணைக்கப்பட்டுள்ளன.

"இவ்வளவு சொன்னால் பிறகு அவர்கள் யோசிக்க என்ன மிச்சம்?" என்று மூத்த ஆசிரியர்கள் கேட்பார்கள். யோசிக்க வேண்டியது தரவைப் பற்றி. ஆசிரியர் மனதில் என்ன இருக்கிறது என்று ஊகிப்பதில் நேரம் போகவேண்டியதில்லை.

அடுத்தது பாடத்தின் கட்டமைப்பு. அமெரிக்காவில் வட கரோலினாவின் சேப்பல் ஹில் பல்கலைக்கழகத்தில் அறிமுக உயிரியல் பாடத்தை ஆராய்ந்து சாரா எடியும் கெல்லி ஹோகனும் 2014-இல் எழுதினார்கள். வெறும் விரிவுரையாக இருந்த பாடத்தில் வகுப்புக்கு முன் மார்க்குள்ள சிறு வேலை, வழிகாட்டிக் கேள்விகளோடு வாசிப்பு, வகுப்புக்குள் செய்து பார்க்கும் பயிற்சி ஆகியவற்றைச் சேர்த்தபோது எல்லோருக்குமே பலன் கிடைத்தது. முதல் தலைமுறை மாணவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இருந்த இடைவெளி மூடியது. யாரையும் தனியாகப் பிரிக்கவே இல்லை என்பது இதன் அழகு.

செயலில்: வாரம் ஒரு முறை, வகுப்புக்கு முந்திய இரவு முடிக்கும் ஐந்து கேள்வி வினாடி வினா, ஒவ்வொன்றும் மொத்த மார்க்கில் ஒரு சதவீதம். மார்க்கே இல்லையென்றால் செய்ய மாட்டார்கள். ஐந்து சதவீதம் வைத்தால் காப்பியடிப்பார்கள். வகுப்பு நடுவில் பத்து நிமிடம் இருவர் இருவராகக் கணக்கு. முதல் டெஸ்ட் நான்காவது வாரத்துக்குள். பரீட்சைக்கு இரண்டு நாள் முன்னால் உட்கார்ந்து மனப்பாடம் செய்து பள்ளியில் நல்ல மார்க் வாங்கியவருக்கு அந்த வழி இங்கே பலிக்காது என்று எட்டாவது வாரத்தில் தெரிந்து பயனில்லை.

கூட்டுப் படிப்புக்கு ஏற்பாடு செய்தால் பெயரில் கவனம் வையுங்கள். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கணிதவியலாளர் யூரி ட்ரைஸ்மன் 1970-களின் கடைசியில் கால்குலஸ் பாடத்தில் சறுக்கிய கறுப்பின மாணவர்களைக் கவனித்தபோது, அவர்களில் கடுமையாக உழைக்கிறவர்களும் தனித்தனியாகவே உட்கார்ந்து படிப்பது தெரிந்தது. அவர் நடத்திய பட்டறையில் வழக்கமான பாடத்தைவிடக் கடினமான கணக்குகளைக் குழுவாகச் சேர்ந்து போட்டார்கள். "பின்தங்கியோர் வகுப்பு" என்று பெயர் வைத்து எளிய கணக்கு கொடுத்திருந்தால் தன்மானமுள்ளவர் வரமாட்டார். வந்தவரும் பரீட்சைக்குத் தயாராக மாட்டார்.

பணம்

படிப்பை நிறுத்த வைப்பது பல நேரம் சின்னத் தொகை. மொத்தப் பீஸுக்கு உதவி இருக்கும். லேப் கோட், ரெக்கார்டு நோட்டு, பிரின்ட் எடுப்பது, களப்பயணம், பரீட்சைக் கட்டணம் இவை கணக்கில் இருக்காது. ஆண்டு முழுவதற்குமான இந்தப் பட்டியலைத் தொகையோடு சேர்க்கையின்போதே கொடுத்துவிடுங்கள். உதவித்தொகை இரண்டாவது மாதம் வந்து, பீஸ் முதல் வாரமே கட்டச் சொன்னால், அந்த இடைவெளிக்கு யாராவது வட்டிக்குக் கடன் வாங்குகிறார் என்று அர்த்தம். கட்டும் தேதியை உதவித்தொகை வரும் தேதிக்குப் பின்னால் தள்ளுவது அலுவலகத்துக்கு ஒரு கையெழுத்து வேலை.

அவசர நிதி வைத்தால் விண்ணப்பத்துக்குக் காத்திருக்க வேண்டாம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் 2011-இல் தொடங்கிய சிறு மானியத்தில், பாக்கி கட்டாததால் பெயர் நீக்கப்படவிருந்த மாணவர்களை நிர்வாகமே பட்டியலிலிருந்து தேடிப் பிடித்துப் பாக்கியைச் சரிசெய்தது. நீங்களும் கடைசி நாளுக்கு ஐந்து நாள் முன்பு கட்டாதவர் பட்டியலை எடுங்கள், போன் செய்யுங்கள், 48 மணி நேரத்தில் முடிவு சொல்லுங்கள். படிவம் ஒரு பக்கம். குடும்ப வறுமையை விவரித்துக் கட்டுரை எழுதச் சொல்லாதீர்கள், பணம் தரும்போது போட்டோவும் எடுக்காதீர்கள்.

இன்னொரு கண்ணி: சுமை குறையட்டும் என்று ஒரு பாடத்தைக் கைவிடச் சொல்லும் ஆசிரியர், அதனால் கிரெடிட் எண்ணிக்கை குறைந்து ஸ்காலர்ஷிப் போகும் என்பதைக் கவனிப்பதில்லை. கைவிடும் படிவத்தில் நிதி அலுவலகத்தின் கையெழுத்துக்கும் ஓர் இடம் வையுங்கள்.

வீடு

வீட்டாரைத் தடையாகப் பார்க்கும் பழக்கம் பல நிறுவனங்களில் உண்டு. வரவேற்புக் கடிதத்தையே எடுத்துப் படித்துப் பாருங்கள்: "உங்கள் பாதையை நீங்களே தேர்ந்தெடுங்கள், சொந்தக் காலில் நில்லுங்கள்" என்று இருக்கும். மேலே சொன்ன ஸ்டீஃபன்ஸ், ஃப்ரைபர்க், மார்கஸ் ஆகியோரின் குழு 2012-இல் வெளியிட்ட சோதனைகளில், சுதந்திரத்தை வலியுறுத்தும் வரவேற்புக் கடிதத்தைப் படித்த முதல் தலைமுறை மாணவர்கள் அடுத்துக் கொடுத்த புதிர்களில் பின்தங்கினார்கள். "ஒரு சமூகத்தின் அங்கமாகிறீர்கள், சேர்ந்து கற்பீர்கள்" என்ற தொனியில் எழுதிய கடிதத்தைப் படித்தபோது அந்த வேறுபாடு இல்லை. குடும்பத்தின் பெயரைக் காப்பாற்ற வந்தவரிடம் தனித்து நில் என்றால் ஒட்டாதுதான்.

பெற்றோருக்கு அவர்கள் பேசும் மொழியில் ஒரு பக்கக் கடிதம் அனுப்புங்கள். பரீட்சை வாரங்கள் எவை, ஒரு பாடத்தில் தவறினால் படிப்பே போய்விடாது, இரவு எட்டு மணிவரை நூலகத்தில் இருப்பது இயல்பு, அவசரத்துக்கு எந்த எண் என்று நாலு விஷயம் போதும். எழுத்து வாசிக்காதவர்களுக்கு அதையே இரண்டு நிமிடக் குரல் பதிவாக அனுப்பலாம். வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் இந்த மாணவர்தான் மருத்துவமனையில் நிற்பார். அதற்கு முன்கூட்டியே எழுதி வைத்த மறுதேர்வு விதி இருக்க வேண்டும். ஆசிரியரின் இரக்கத்தை நம்பியிருந்தால், கேட்கத் துணிந்தவருக்கு மட்டும் சலுகை கிடைக்கும்.

சறுக்கும் அறிகுறி

தொடர்ந்து இரண்டு வகுப்பு வராதது, முதல் அசைன்மென்ட் தராதது, முதல் டெஸ்டில் தேறாதது: இந்த மூன்றில் ஒன்று நடந்தால் இரண்டு நாளுக்குள் ஆள் தொடர்பு கொள்ள வேண்டும். மென்பொருள் அனுப்பும் தானியங்கி எச்சரிக்கை போதாது. ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் 2012-இல் மாணவர் சறுக்குவதைக் கணினி வழியே கண்காணிக்கும் முறையைக் கொண்டுவந்தபோது கூடவே ஆலோசகர்களையும் பெருமளவில் நியமித்தது. பல இடங்களில் அதில் மென்பொருளை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

செய்தியின் வாசகம் இப்படி இருக்கலாம்: "வணக்கம் ____. செவ்வாயும் வியாழனும் லேபில் உங்களைக் காணவில்லை. வீட்டில் எல்லோரும் நலமா? விட்ட இரண்டு சோதனைகளையும் வரும் திங்கள் 3 மணிக்குச் செய்யலாம், நான் லேபில் இருப்பேன். வர முடியுமா என்று மட்டும் பதில் போடுங்கள்." இதில் திட்டு இல்லை, சரிசெய்யும் வழி இருக்கிறது, பதில் சொல்ல ஒரு வார்த்தை போதும். "உங்கள் வருகை குறைவு, விளக்கம் அளிக்கவும்" என்று அனுப்பினால், ஏற்கெனவே "நான் இங்கே வந்திருக்கவே கூடாதோ" என்று நினைப்பவருக்கு அது சாட்சிக் கடிதம்.

சீனியர் துணை

ஒரே துறை, ஓராண்டு மூத்தவர், ஒருவருக்கு நான்கு ஜூனியருக்கு மேல் வேண்டாம். சம்பளம் கொடுங்கள். இலவசமாக ஒத்துக்கொண்டவர் தன் பரீட்சை நெருங்கும்போது காணாமல் போவார். ஜூனியருக்கும் அப்போதுதான் அவர் தேவை. மனநெருக்கடி, ராகிங், பணம் சம்பந்தமாக எதுவும் வந்தால் தானே சமாளிக்காமல் அன்றே யாரிடம் கொண்டுபோவது என்று பெயரும் எண்ணும் எழுதிய அட்டை ஒவ்வொரு சீனியர் கையிலும் இருக்கட்டும்.

இரண்டாம் ஆண்டுக்குப் பிறகு

பெரும்பாலான திட்டங்கள் முதலாண்டோடு கடையைக் கட்டிவிடும். இன்டர்ன்ஷிப்பும் பரிந்துரைக் கடிதமும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. அறிமுகம் உள்ளவர்களுக்கு அவை அறிமுகத்தாலேயே நடந்துவிடும். பரிந்துரைக் கடிதம் கேட்பது எப்படி என்று வகுப்பிலேயே சொல்லிக் கொடுங்கள்: மூன்று வாரம் முன்னதாக, தன் விவரக்குறிப்போடு, அந்த ஆசிரியரிடம் எந்தப் பாடத்தில் என்ன செய்தேன் என்ற இரண்டு வரியோடு. கேட்பது ஆசிரியருக்கு வழக்கமான வேலைதான் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்பைக் கட்டாயமாக்கும் பாடத்திட்டம் இருந்தால், கடைக்குப் போகும் மாணவர் அந்த மாதங்களில் எப்படி வாழ்வார் என்று அதே பாடத்திட்டக் குழு பதில் சொல்லியாக வேண்டும்.

பலன் தெரிகிறதா என்று பார்க்க, திருப்திப் படிவங்களை ஒதுக்கிவிட்டு மூன்று எண்களை எடுங்கள்: முதலாண்டில் சேர்த்த கிரெடிட், இரண்டாமாண்டுக்குத் திரும்பி வந்தவர்கள், ஆலோசகரைக் குறைந்தது மூன்று முறை சந்தித்தவர்கள். முதல் தலைமுறை, மற்றவர் என்று இரண்டு வரிசையாக, பாடவாரியாகப் பிரியுங்கள். கல்லூரி முழுவதற்குமான சராசரியில் ஒன்றும் தெரியாது. பாடவாரியாகப் பார்த்தால் இடைவெளி பெரும்பாலும் இரண்டு மூன்று அறிமுகப் பாடங்களில் குவிந்திருக்கும். அடுத்த செமஸ்டரின் அசைன்மென்ட் தாள்களை அங்கிருந்து திருத்தத் தொடங்குங்கள்.